மாதாவுக்கு யார் முகம்?

புனித வாரத்தில் எங்கள் சான் அந்தோனியோவில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. பெரிய வெள்ளி முடியட்டும் என்று பொறுத்திருப்பார்கள். மரச்சிற்பி மேஸ்திரி செகுந்தோ விஷயத்தில் அந்தப் பொறுமைகூட ஊருக்கு இல்லாமல் போயிற்று. புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கோயில் முற்றத்தில் கூட்டம். அதற்குள் பழைய மாதா சுரூபத்தை அவர் கொண்டுவந்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டு, ஆளுக்குப் போலீஸ் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள்.

அந்தப் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மேஸ்திரியின் மனைவி சொய்லா, பக்கத்து நகரமான இபார்ராவில் எங்கள் அலுவலகத்துக்கு முதல் பஸ் பிடித்து வந்துவிட்டாள். அலுவலகம் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். மிட்டாய்க் கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மேஜை, இரண்டரை நாற்காலி. மேஜைக்கு அந்தப் பக்கம் எலோதியா சலா. சோத்தா பள்ளத்தாக்குக் கறுப்புப் பெண்மணி, வயது ஐம்பத்தெட்டு. போலீஸில் இருபத்தாறு வருஷம் மற்றவர்களுக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த சோளம் இருக்கும். இந்தப் பக்கம் நான், ஃபாஸ்தோ. சான் அந்தோனியோவில் பிறந்தவன். எட்டு வருஷம் உளி பிடித்தும் ஒரு தேவதூதனுக்கு இரண்டு சிறகையும் ஒரே அளவில் செதுக்க வராததால் துப்பறியும் தொழிலுக்குத் தள்ளப்பட்டவன்.

"அவர் திருடலம்மா," என்றாள் சொய்லா. "நாப்பத்திநாலு வருஷமா கூட இருக்கேன். அடுத்தவன் பட்டறையில கிடக்கற மரச்சீவலைக்கூட எடுக்காத மனுஷன்."

"நடந்ததை மட்டும் சொல்லுங்கக்கா," என்றார் எலோதியா.

நடந்தது இதுதான். போன மாதம் வியாகுல மாதாவின் சுண்டுவிரல் உடைந்தது. ஒட்டுவதற்காகச் சுரூபத்தை மேஸ்திரியின் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள் அங்கே இருந்தது. திரும்பி வந்த வாரத்தில், பழைய சுரூபங்களைப் பட்டியல் எடுக்கக் தலைநகர் கீத்தோவிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். மாதாவின் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், ஒட்டின விரலில் தெரிந்த மரத்தைப் பார்த்தார். இது இருநூற்றைம்பது வருஷத்துச் சுரூபம் இல்லை, ஐம்பது வருஷம்கூட இருக்காது என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் காபி குடித்துப் போய்விட்டார். காபிக் கோப்பை காய்வதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. ஒன்பது நாளில் செகுந்தோ போலி ஒன்றைச் செய்து மாற்றிவிட்டான்.

"மேஸ்திரி என்ன சொல்றார்?"

"ஒண்ணுமே சொல்லல. கேட்டா உளியைத் தீட்டுறார். தீட்டித் தீட்டிப் பாதி உளி காணாமப் போச்சு."

எலோதியா என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, ஒரு விரல் ஒட்ட எத்தனை நாள் ஆகும்?"

"எனக்கா, மேஸ்திரிக்கா? நான் ஒட்டினா விரலோட கையும் போயிடும். அவருக்கு ஒரு நாள். பசை காயறதையும் சேர்த்துதான் சொல்றேன்."

"அப்போ மிச்சம் எட்டு நாள் உதைக்குதே."

சொய்லா அதைக் கேட்டதும் அழுதுவிட்டாள். சத்தமில்லாத அழுகை. இடது புருவம் மட்டும் மேலே ஏறிற்று, கீழுதட்டின் ஓரம் உள்ளே மடங்கிற்று. எலோதியா அக்கா ஆறுதல் சொல்லாமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது கொஞ்சம் அநாகரிகமாகப் பட்டது. கைக்குட்டை எடுத்துக்கொடுக்கும் வேலை என்னுடையதாயிற்று.

ஒன்பதரைக்கெல்லாம் கோயிலில் இருந்தோம். புதன்கிழமைதான் மாதாவுக்குக் கறுப்பு வெல்வெட் உடுத்தும் நாள். பின்னறைக்குத் திரை போட்டு, உள்ளே நாலு பெண்கள் வேலையாக இருந்தார்கள். தலைவி டோன்யா தார்ஹெலியா, எழுபது வயது, ஊரில் பெரிய வீட்டுக்காரி, அதனால்தான் பெயருக்கு முன்னால் அந்த மரியாதை 'டோன்யா'. திரைக்கு வெளியே அவள் மகன் ஹெர்னான் காவல். அவன்தான் இந்த வருஷம் திருவிழாத் தலைவன். அவன் அப்பா அபெலார்தோ இருந்தவரைக்கும் அவர்தான் தலைவர். சுருங்கச் சொன்னால், மாதா அவர்கள் வீட்டுப் பெண் மாதிரி.

"உள்ள போக முடியாது," என்றான் ஹெர்னான். "உடுப்பு மாத்தும்போது ஆம்பளைங்க யாரும் மாதாவைப் பாக்கக்கூடாது. சாமியாரே வெளியதான் நிப்பார்."

"நான் ஆம்பளை இல்லையே தம்பி."

"அது சரி மேடம். ஆனா நீங்க சோத்தாக்காரங்க. இது எங்க ஊர் மாதா..."

"வெள்ளிக்கிழமைக்காக உங்க மாதாவே இன்னைக்குத்தான் கறுப்பு உடுத்துறா. நான் பொறந்ததுல இருந்து உடுத்திட்டிருக்கேன். தள்ளுப்பா."

அவன் தள்ளினான். என்னை மட்டும் சுவரைப் பார்த்து நிற்க வைத்தான். சுவரில் சுண்ணாம்பு உரிந்து ஒரு கழுதை உருவம் தெரிந்தது. நானும் கழுதையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நடந்ததைக் கேட்டோம்.

"நிபுணருக்கும் இப்படித்தானா? திரைக்கு வெளியதானா?" என்றார் எலோதியா.

"உடுப்போட இருக்கும்போது வந்து முகத்தையும் கையையும் பாத்தார். அதுக்கு மேல எப்படிக் காட்டறது?" இது தார்ஹெலியாவின் குரல்.

"திருவிழாக் கமிட்டிக்காரங்களும் பாக்கல?"

"அவங்களும் ஆம்பளைங்கதானே!"

"ஆக, திருட்டுப் பட்டம் கட்டின யாரும் கழுத்துக்குக் கீழே பாக்கல. நல்லாருக்கு. இந்த உடுப்பையெல்லாம் எதுல நிறுத்துறீங்க டோன்யா?"

"குண்டூசிலதான். தோள்ல கொஞ்சம், இடுப்புல கொஞ்சம், மரத்துல நேராக் குத்துவோம்."

அப்புறம் துணி விலகும் சரசரப்பு கேட்டது. எனக்கு மூக்கு அரித்தது. ஹெர்னான் முறைப்பான் என்று சொறியவில்லை.

"ஃபாஸ்தோ!" அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டார். "திரும்பாம கணக்குப் போடு. வருஷத்துக்கு ரெண்டு தரம் உடுப்பு. ஒரு தரத்துக்கு முப்பது ஊசி. நாப்பது வருஷத்துக்கு?"

"ரெண்டாயிரத்து நானூறுக்கா."

"இருநூத்தம்பது வருஷத்துக்கு?"

"பதினஞ்சாயிரம்."

"பதினஞ்சாயிரம் ஊசி குத்தினா தோள் மாவா உதிர்ந்திருக்கும். இங்க தோள் இருக்கு. ஆனா சல்லடை. ஓரமெல்லாம் துரு ஏறின பழைய துளை."

எனக்குச் சுவரோடு சேர்ந்து குதிக்கத் தோன்றியது. போன மாதம் செய்த சுரூபத்தில் துருப்பிடித்த துளை எப்படி வரும்? இதைத் தெரிந்துகொள்ள நுண்ணோக்கி வேண்டாம், உள்ளே போய்ப் பார்க்க ஒரு பெண்பிள்ளை போதும். இந்த ஊர் ஆண்கள் அத்தனை பேரும் பார்க்கக்கூடாது என்ற வழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு, பார்க்காமலே ஒரு மனுஷனுக்குத் திருடன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"நீங்க எத்தனை வருஷமா உடுத்துறீங்க டோன்யா?" என்று அக்கா கேட்டது காதில் விழுந்தது.

"கல்யாணமாகி வந்ததுல இருந்து. நாப்பத்தஞ்சு வருஷம்."

"அப்படின்னா, அதுல ஏதோ ஒரு வருஷம் நீங்க முதல் ஊசியை எடுத்துக் குத்தப் போகும்போது, தோள் வழவழன்னு இருந்திருக்கணுமே?"

குண்டூசி டப்பா தரையில் விழுந்து சிதறும் சத்தம் கேட்டது. பொறுக்கும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"வெளிய போங்க," என்றாள் தார்ஹெலியா.

வெளியே வந்த அக்கா, ஹெர்னானுக்குக் கேட்காத தூரம் போனபிறகுதான் வாயைத் திறந்தார்.

"மேஸ்திரி தப்பிச்சார்க்கா!" என்றேன்.

"பாதிதான் தப்பிச்சார். நிபுணர் சொன்னதும் உண்மைடா. இது பழைய மாதா இல்ல. ஆனா போன மாசம் மாத்தினதும் இல்ல. நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே மாத்தியாச்சு. மாத்தினது யாருன்னு அந்தம்மாவுக்குத் தெரியும். செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"முக்காட்டைத் தூக்கி முகத்தைப் பாத்தேன். வா, மேஸ்திரி வீட்டுல புனித வாரக் குழம்பு, பானெஸ்கா வெந்திருக்கும். பன்னெண்டு தானியமும் போட்டிருந்தாத்தான் சாப்பிடுவேன்."

மேஸ்திரியின் பட்டறை வீட்டுக்கு முன்பக்கம். தலையில்லாத மூன்று அப்போஸ்தலர்களுக்கு நடுவில் அவர் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தார். பின்கட்டில் சொய்லா குழம்பைக் கிண்டும் வாசனை வந்தது. என்னைப் பார்த்ததும், "வாடா, ஒத்தைச் சிறகு," என்றார். மறுபடி கல்லின்மேல் குனிந்துகொண்டார்.

எலோதியா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மேஸ்திரி, ஒரு விரலுக்கு ஒம்பது நாள் எதுக்கு?"

உளி கல்லில் போய் வந்தது.

"சரி, நான் சொல்றேன். அந்த மாதாவுக்கு இடது புருவம் ஏறியிருக்கு. கீழுதடு ஓரம் மடங்கியிருக்கு. இன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு அதே முகம் என் மேஜைக்கு எதிர்ல உக்காந்து அழுதுச்சு. வயசு மட்டும்தான் கூட."

உளி நின்றது. எனக்கும் என்னவோ நின்றது. நான் ஞானஸ்நானம் வாங்கியதிலிருந்து அந்த மாதாவைப் பார்க்கிறேன். நடக்கத் தெரிந்ததிலிருந்து சொய்லா அத்தையைப் பார்க்கிறேன். ஒருநாளும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. முதுகில் சோள மூட்டையோடு சந்தைக்குப் போகிற பெண்பிள்ளையின் முகத்தை இந்த ஊரில் எவன் பார்த்தான்?

"ஹெர்னானோட அப்பா அபெலார்தோதான் வந்தார்," என்றார் மேஸ்திரி கடைசியில். "நாப்பத்தியோரு வருஷம் ஆச்சு. மழையில பவனி போனா பழைய சுரூபம் கெட்டுப்போகும், பவனிக்குன்னு அச்சு அசலா ஒண்ணு செஞ்சு குடுன்னார். ஊருக்கு இப்பவே சொல்லாதே, பெரிய வெள்ளியன்னைக்குச் சொல்லிக்கலாம்னார். எனக்கு இருபத்தொம்பது வயசு. பெரிய மனுஷன் வீடு தேடி வந்துட்டாரேன்னு பூரிச்சுப் போயிட்டேன். உடம்பு, கை எல்லாம் அவர் சொன்ன மாதிரியே வந்துச்சு. முகம் மட்டும் வரல. மூணு தலை செதுக்கி அடுப்புல போட்டேன். அந்த மாசம்தான் எங்க பொண்ணு செத்துப்போச்சு. மூணு மாசக் குழந்தை."

"ம்."

"இவ அதோ, நீங்க உக்காந்திருக்கற முக்காலியிலதான் உக்காந்து அழுவா. நான் எந்திரிச்சுப் போயிருக்கலாம். பக்கத்துல போய் உக்காந்திருக்கலாம். போகல. பாத்துட்டே செதுக்கினேன். நாலே நாள்ல முகம் வந்துடுச்சு."

"பெரிய வெள்ளிக்கு அது வந்துச்சா?"

"வந்துச்சு. ஊருக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. முக்காட்டு நிழல்ல முகம் மாறினதை ஊரும் கவனிக்கல. பவனி முடிஞ்சும் பீடத்துல அதுதான் நின்னுச்சு. பழசு எங்கேன்னு கேட்டேன். 'கப்பல் ஏறிடுச்சு. வாயைத் திறந்தா, செஞ்சவன் கைதான் முதல்ல மாட்டும்'னார். அவர் சொன்னதும் சரிதானே? யார் நம்புவா?" அவர் உளியைக் கீழே வைத்தார். "அதோட, பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பெருமையாவும் இருந்துச்சு. ஊரே முட்டி போட்டு அழுதுச்சு, என் மரத்துக்கு முன்னாடி. போன மாசம் விரல் உடைஞ்சு திரும்ப என் கைக்கு வந்தா. விரல் ஒரு நாள் வேலை. எட்டு நாள் கதவைச் சாத்திட்டுப் பாத்துட்டே இருந்தேன்."

பின்கட்டு வாசலில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. சொய்லா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"நான் அழுதுட்டிருந்தேன்," என்றாள். "நீ அளவெடுத்துட்டிருந்தியா?"

மேஸ்திரி எழுந்தார். எழுந்தவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நீ பேசாம இருந்தப்ப, உனக்கும் துக்கம்தான், ஆம்பளை அழ மாட்டான்னு நெனச்சேன். உன்னைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு வாயைப் பொத்திட்டு அழுதேன். நாப்பத்தியோரு வருஷமா கோயில்ல கடைசி பெஞ்சுல தரையைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன், தெரியுமா? என் புள்ளையை எடுத்துக்கிட்டவ மூஞ்சியைப் பாக்க மாட்டேன்னு." அவள் குரல் உயரவே இல்லை. "கடைசில அது என் மூஞ்சியா!"

நான் என் வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் தப்பான நேரத்தில் ஜோக் அடித்திருக்கிறேன். அங்கே ஒன்றும் வரவில்லை. பானெஸ்கா ஆறிக்கொண்டிருந்தது.

"மணி பதினொண்ணே முக்கால்," என்றார் எலோதியா. "மேஸ்திரி, இதை நான் கூட்டத்துல சொன்னாத்தான் உங்களை விடுவாங்க."

"ஊசித் துளையை மட்டும் சொல்லுங்க. முகத்தைச் சொல்லாதீங்க. போலின்னு தெரிஞ்சா மாதாவை விறகாக்கிடுவாங்க."

"அபெலார்தோ வித்ததை?"

"அதைச் சொன்னா இது போலிங்கறதும் வந்துடுமே."

அக்கா எழுந்துகொண்டார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் பாதி உண்மையோடு கோப்பு மூடியதை இன்னும் செரிக்க முடியாதவர். தார்ஹெலியாவை எழுப்பி நிறுத்திக் கேட்பார். துளை இல்லை என்று அவள் சொன்னால், உடன் இருந்த மூன்று பெண்கள் சாட்சி. துளை உண்டு என்றால் அடுத்த கேள்வி, வழவழப்பான தோளைப் பற்றி. இரண்டு பக்கமும் பொறி. அதைவிட நல்ல பொறியை நான் பார்த்ததில்லை.

கோயில் முற்றம் நிரம்பியிருந்தது. ஹெர்னான் படியில் நின்று கீத்தோ நிபுணரின் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தான். சிலர் கையில் கட்டைகூட இருந்தது. மரச்சிற்ப ஊர் என்பதால் கட்டைக்குப் பஞ்சமில்லை. மேஸ்திரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சொய்லா அவரிடமிருந்து பத்தடி தள்ளி நின்றாள்.

எலோதியா படியேறினார். ஒரே மூச்சில் சொன்னார். போன மாதம் செய்த சுரூபம் என்றால் தோளில் ஊசித் துளை இருக்காது. இருக்கிறதா இல்லையா என்று ஆண்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர். "டோன்யா தார்ஹெலியா, மாதா சாட்சியாச் சொல்லுங்க. துளை இருக்கா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தார்ஹெலியா கோயில் வாசலில், கறுப்பு முக்காட்டில், மகனைப் பார்த்தாள். அப்புறம் அக்காவைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்றே நம்பினேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஒண்ணா ரெண்டா, ஆயிரக்கணக்குல இருக்கு!" என்றாள். "நான் குத்தினது. எனக்கு முன்னாடி என் மாமியார் குத்தினது. அவங்களுக்கு முன்னாடி அவங்க மாமியார் குத்தினது. இருநூத்தம்பது வருஷமா இந்த ஊர்ப் பொம்பளைங்க குத்தின ஊசி! இவதான் நம்ம மாதா. மாறவே இல்ல. கீத்தோக்காரன் முகத்தைப் பாத்து என்னத்தைக் கண்டான்? துளையை அவனா பாத்தான்?"

முற்றம் வெடித்தது. பெண்கள் முட்டி போட்டார்கள். ஆண்கள் கட்டையைப் போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். யாரோ ஒருவன் ஓடிப்போய் மணியை அடித்தான். நாங்கள் வைத்த பொறியைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் தன் வீட்டுக்கே கதவாக மாட்டிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு கேள்வி இருக்கு!" என்று அக்கா கத்தினார். பாட்டு ஆரம்பித்துவிட்டது. யார் காதிலும் விழவில்லை. மேஸ்திரி படியருகே வந்து அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கேட்டிருக்க வேண்டும், மேஸ்திரியின் கையை உதறிவிட்டுக் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான்.

பாட்டு ஓய்ந்ததும் ஹெர்னான் பெருந்தன்மையோடு இறங்கி வந்து மேஸ்திரியைக் கட்டிப்பிடித்தான். "மன்னிச்சிருங்க மேஸ்திரி. தப்பு எங்க மேலதான். முகத்தைப் பாத்ததுமே புரிஞ்சிருக்கணும். இப்படி ஒரு முகத்தைச் செதுக்கற கை இந்தக் காலத்துல யாருக்கு இருக்கு? நீங்களே சொல்லுங்க, உங்களுக்கு வருமா?"

மேஸ்திரி ஒரு தரம் சொய்லாவைப் பார்த்தார்.

"வராது," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். ஒருவன் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

கறுப்பு வெல்வெட்டில் மாதாவை வாசலுக்குத் தூக்கி வந்து நிறுத்தினார்கள். கூட்டம் நெருக்கியடித்தது. அந்த நெரிசலுக்குள் சொய்லா புகுந்து முன்னால் போனாள். மாதாவுக்கு நேர் எதிரே போய் நின்றாள். தலையை நிமிர்த்தினாள். அந்த முகத்தில் அவளுடைய இருபத்தைந்து வயது அழுதுகொண்டிருந்தது.

பக்கத்தில் வெல்வெட்டின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த தார்ஹெலியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். மாதாவைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள். அந்த முகத்தை நாற்பத்தியோரு வருஷம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துத் துடைத்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஒரு ஊசியை எடுத்து மாதாவின் தோளில் குத்தினாள்.

"தள்ளி நில்லு சொய்லா," என்றாள். "பின்னாடி இருக்கறவங்களுக்கு மாதாவை மறைக்கற."

சொய்லா தள்ளி நின்றாள்.